ஆய்வறை மாத்திரையும் அஞ்சல் மாத்திரையும்: எம்.டி.எம்.ஏ. பற்றிய மனித ஆய்வுகள் எதை நிறுவியிருக்கின்றன?

1. கேள்வி

எம்.டி.எம்.ஏ. என்னும் வேதிப்பொருளைப் பற்றித் தமிழ் வாசகருக்கு இரண்டு திசைகளிலிருந்து செய்தி வருகிறது. ஒன்று சுங்கத் துறையிடமிருந்து. 2020, 2021 பொதுமுடக்கக் காலத்தில் நெதர்லாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்து சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்துக்கு வந்த பொட்டலங்களுக்குள் வண்ண வண்ண மாத்திரைகள் அடுத்தடுத்துப் பிடிபட்டன. பொம்மை, பரிசுப் பொருள் என்று மேலே எழுதியிருக்கும்; உள்ளே ‘எக்ஸ்டசி’ இருக்கும். மற்றொன்று மருத்துவ உலகிலிருந்து. 2023 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடு நோய்க்கு இதே பொருளைக் கொடுக்கலாம் என்றாயிற்று. 2024 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமோ அதே சிகிச்சைக்கு ஒப்புதல் தர மறுத்தது.

நச்சு என்று சிறைக்கு அனுப்பும் பொருளும் மருந்து என்று பரிந்துரைக்கும் பொருளும் ஒன்றாக இருக்க முடியுமா? காரைக்குடியில் கல்லூரி மாணவர்களோடு பழகும் எவரும் இந்தக் கேள்வியை எதிர்கொள்ள நேரும். பெங்களூருக்கும் சென்னைக்கும் படிக்கவும் வேலைக்கும் போய்வரும் பிள்ளைகள், இணையத்தில் படித்ததைக் கொண்டு, “வெளிநாட்டு டாக்டர்களே கொடுக்கிறார்கள், அப்புறம் என்ன ஆபத்து?” என்கிறார்கள். பெற்றோர், “தொட்டால் மூளையில் ஓட்டை விழும்” என்கிறார்கள். இரண்டு கூற்றுக்கும் பின்னால் ஏதோ ஓர் ஆய்வு இருக்கிறது. அந்த ஆய்வுகள் உண்மையில் எதைச் சொல்கின்றன, எந்த எல்லைக்குள் சொல்கின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. ஆய்வுகளில் வெளிப்பட்ட பாதுகாப்பு அந்த மூலக்கூறின் இயல்பான குணம் இல்லை. மருந்தின் தூய்மை, அளவு, ஆளைத் தேர்ந்தெடுத்த விதம், கூட இருந்து கவனித்த மனிதர்கள் ஆகிய எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய நிலை அது என்பதே என் வாதம். அந்த ஏற்பாட்டிலிருந்து மாத்திரையை மட்டும் உருவி எடுத்தால் பாதுகாப்பு கூடவே வராது.

2. மூலக்கூறின் முன்கதை

1912இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் மெர்க் நிறுவனத்தின் வேதியியலர் ஆன்டன் கோலிஷ் இதை முதலில் தொகுத்தார். பசியை அடக்கும் மருந்தாகவே கண்டுபிடித்தார்கள் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. மெர்க் நிறுவன ஆவணங்களைப் பார்த்து 2006இல் வெளியான ஆய்வு, ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து ஒன்றைத் தயாரிக்கும் வழியில் இடைநிலைப் பொருளாகவே இது உருவானது என்று காட்டியது. 1950களில் அமெரிக்க ராணுவத்துக்காக விலங்குகளில் இதன் நச்சுத்தன்மையைச் சோதித்தார்கள். 1978இல் அலெக்சாண்டர் ஷுல்கினும் டேவிட் நிக்கல்ஸும் மனிதரில் இதன் விளைவைப் பற்றி முதல் அறிவியல் குறிப்பை வெளியிட்டனர். அதையொட்டி அமெரிக்காவில் சில உளச்சிகிச்சையாளர்கள் இதைச் சத்தமில்லாமல் பயன்படுத்தினர். பிறகு இது நடன விடுதிகளுக்குப் போயிற்று.

1985 ஜூலையில் அமெரிக்கா இதை மிகக் கடுமையான தடைப் பட்டியலில் சேர்த்தது. நீண்ட விசாரணைக்குப் பிறகு நிர்வாக நீதிபதி ஃபிரான்சிஸ் யங் 1986இல், மருத்துவப் பயனுக்கு இடம் தரும் மூன்றாம் பட்டியலே பொருத்தம் என்று பரிந்துரைத்தார், அது ஏற்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு தடையைப் பரிந்துரைத்தபோது அக்குழுவின் தலைவர் பால் கிரோஃபே மாறுபட்டார். குழுவும் ஆய்வு தொடர வேண்டும் என்றே சொன்னது. 1986இல் ஐ.நா.வின் 1971ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இது இடம்பெற்றது.

இந்தியாவில் அதே 1985இல்தான் போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் வந்தது. அதன்கீழ் 2001இல் வெளியான அறிவிக்கையின்படி எம்.டி.எம்.ஏ.யில் அரை கிராமுக்குக் குறைவானது ‘சிறு அளவு’. 10 கிராமுக்கு மேற்பட்டது ‘வணிக அளவு’. வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டுக் கடுங்காவல். ஐரோப்பிய மாத்திரை ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு கிராமுக்கு மேல் எடை இருக்கக்கூடும். ஆகவே முப்பது மாத்திரை வாங்கும் இளைஞன் வணிக அளவுக்குள் போய்விடுவான் என்பதைப் பெற்றோர்கூட அறிந்திருப்பதில்லை. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு மருத்துவ, அறிவியல் தேவைக்கு விலக்கு வைத்திருக்கிறது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் சட்டம் ஆய்வுக்கு அடியோடு கதவை அடைத்துவிடவில்லை.

3. அச்சத்தின் சான்று

‘மூளையில் ஓட்டை’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ரிக்கார்ட்டே பல ஆண்டுகள் விலங்குகளில் இந்த வகைப் பொருள்களை ஆராய்ந்தவர். 2002 செப்டம்பரில் அவரது குழு ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஓர் இரவு நடனத்தின்போது இளைஞர்கள் எடுப்பதைப் போன்ற அளவில், சில மணி நேர இடைவெளியில் மூன்று முறை, அணில் குரங்குகளுக்கும் பபூன்களுக்கும் எம்.டி.எம்.ஏ. ஊசி போட்டார்கள். டோபமின் நரம்புகள் கடுமையாகச் சேதமடைந்தன; இரண்டு விலங்குகள் இறந்தும் போயின. ஒரே இரவில் பார்க்கின்சன் நோய்க்கு வித்திடலாம் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. இந்தப் பொருளைக் கொண்டு மனிதரில் சிகிச்சை ஆய்வு நடத்தலாமா என்று விவாதம் நடந்துகொண்டிருந்த நேரம் அது.

ஆய்வை வாய்வழி மருந்து கொடுத்துத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. காரணம் தேடியவர்கள் மருந்துப் புட்டிகளிடம் வந்து நின்றார்கள். ஒரே நாளில் ஒரே நிறுவனத்திலிருந்து வந்த இரண்டு புட்டிகளின் பெயர்ச்சீட்டுகள் மாறியிருந்தன. எம்.டி.எம்.ஏ. என்று ஒட்டியிருந்த புட்டியில் மெத்தம்பெட்டமின் இருந்தது. விலங்குகளுக்குச் செலுத்தப்பட்டது அதுதான். உறைய வைத்திருந்த மூளைத் திசுவிலும் மெத்தம்பெட்டமினே கிடைத்தது. 2003 செப்டம்பரில் கட்டுரையை ஆசிரியர்களே திரும்பப் பெற்றார்கள்.

இதைப் பலர் ‘எம்.டி.எம்.ஏ. பற்றிய பயமெல்லாம் பொய்’ என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. டோபமின் நரம்புகள் பற்றிய கூற்று விழுந்ததே தவிர, அதிக அளவு கொடுத்த விலங்குகளில் செரட்டோனின் நரம்பு முனைகள் சேதமடைவதைக் காட்டிய முந்தைய ஆய்வுகள் பல ஆய்வகங்களில் தனித்தனியாக உறுதிப்பட்டவை. மனிதரில், அடிக்கடி உட்கொண்டவர்களின் மூளையைப் படமெடுத்த ஆய்வுகள் செரட்டோனின் கடத்திப் புரதம் குறைந்திருப்பதைக் கண்டன. பழக்கத்தை விட்டபின் அது மீள்வதற்கான அறிகுறிகளும் தெரிந்தன. ஆனால் அப்படி உட்கொள்பவர்கள் கஞ்சா, மது, மற்ற ஊக்கிகள், தூக்கமின்மை எல்லாவற்றையும் சேர்த்தே சுமப்பவர்கள். எது எதன் விளைவு என்று பிரிப்பது கடினம். ஜான் ஹால்பர்ன் குழுவினர் 2011இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரவு நடனங்களுக்குப் போய் எக்ஸ்டசி உட்கொண்டும், மற்றப் போதைகளை ஏறக்குறைய தொடாத 52 பேரையும், அதே நடனங்களுக்குப் போயும் அதை உட்கொள்ளாத 59 பேரையும் ஒப்பிட்டார்கள். அறிதிறனில் குறிப்பிடத்தக்க சரிவு காணப்படவில்லை. இதுவும் இறுதிச் சொல் ஆகாது. இவர்கள் சாதாரணப் பயனாளிகளைக் காட்டிலும் ஒழுங்கான வாழ்க்கை கொண்டவர்கள்.

நெடுங்கால மூளைச் சேதம் பற்றிய சான்று இப்படி இழுபறியாக இருக்க, உடனடி மரணம் பற்றிய சான்றில் எந்த இழுபறியும் இல்லை. 1992இல் ‘லான்செட்’ இதழில் ஜான் ஹென்றியும் உடனாய்வாளர்களும் பிரிட்டனில் நேர்ந்த ஏழு இறப்புகளை விவரித்தனர். உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. தசைகள் சிதைந்து அவற்றின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. ரத்தம் நாளங்களுக்குள்ளேயே உறைந்து, பிறகு உறையும் ஆற்றலை இழக்கிறது. நாம் கவலைப்பட வேண்டியது முதலில் இதைப் பற்றித்தான். பிள்ளைகளிடம் முப்பது ஆண்டு கழித்து வரக்கூடிய மறதியைச் சொல்லி மிரட்டுகிறோம். அன்று இரவே நேரக்கூடியதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

4. உடலுக்குள் நடப்பது

இப்பொருள் நரம்பு முனைகளில் செரட்டோனினை உள்ளே இழுக்கும் புரதத்தைத் திசை மாற்றி வெளியே தள்ள வைக்கிறது. நோர்அட்ரினலினும், ஓரளவு டோபமினும் கூடவே பெருகுகின்றன. ஆக்சிடோசின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகளும் உயர்கின்றன. அச்சம் தணிவதும், எதிரில் இருப்பவரிடம் மனம் நெகிழ்வதும், இதயம் வேகமெடுப்பதும், தாடை இறுகுவதும் ஒரே செயலின் பல முகங்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மத்தியாஸ் லீக்டியின் குழு இதை நலமான தன்னார்வலர்களில் நெடுநாள் ஆராய்ந்துவருகிறது. ஒன்பது ஆய்வுகளில் கலந்துகொண்ட 166 பேரின் தரவைத் தொகுத்து 2017இல் வெளியிட்டார்கள். 75 அல்லது 125 மில்லிகிராம் ஒரே வேளை, தூய மருந்து, மருத்துவமனை அறை. அப்படியும் மூன்றில் ஒருவருக்கு மேல்நிலை ரத்த அழுத்தம் 160ஐத் தாண்டியது. 29 விழுக்காட்டினருக்கு இதயத் துடிப்பு நூறுக்கு மேல். 19 விழுக்காட்டினருக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல். கடுமையான தீங்கு யாருக்கும் நேரவில்லை. மருத்துவர்கள் இதைப் பாதுகாப்பானது என்றே முடிவு செய்தார்கள், அதுவும் சரியே. ஆனால் அந்த 166 பேரும் இதய நோயும் உயர் ரத்த அழுத்தமும் இல்லை என்று முன்கூட்டியே சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியப் பெரியவர்களில் 35.5 விழுக்காட்டினர் உயர் ரத்த அழுத்தமும் 11.4 விழுக்காட்டினர் சர்க்கரை நோயும் உள்ளவர்கள். அவர்களில் பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. 160ஐத் தாண்டும் அழுத்தத்தை நலமான இருபத்தைந்து வயது சுவிஸ் இளைஞனின் நாளம் தாங்குவதைக் கொண்டு நம்மூர் நாற்பது வயதுக்காரரின் நாளத்துக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது.

வெப்பம் பற்றித் தனியே பேச வேண்டும். எலிகளில் நடந்த ஆய்வுகள் வியப்பூட்டுபவை: சுற்றுப்புறம் குளிர்ந்திருந்தால் இப்பொருள் எலியின் உடல் வெப்பத்தைக் குறைக்கிறது, சுற்றுப்புறம் சூடானால் ஏற்றுகிறது, ஓரிரு டிகிரி வேறுபாடே நரம்புச் சேதத்தின் அளவை மாற்றிவிடுகிறது. மனிதன் எலியைப் போல நடந்துகொள்வதில்லை. 2005இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 18 டிகிரி அறையிலும் 30 டிகிரி அறையிலும் தன்னார்வலர்களை அமர்த்திப் பார்த்தபோது இரண்டிலும் உட்புற வெப்பம் உயர்ந்தது. அதாவது குளிர்ந்த அறை மனிதனைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் குறைவு. அந்த ஆய்வின் ‘சூடான’ அறையே 30 டிகிரிதான். சித்திரை, வைகாசியில் காரைக்குடியில் நிழலிலேயே 40 டிகிரியை ஒட்டி நிற்கும் பகல்களுக்கும், இரவிலும் வேர்வை உலராத புழுக்கத்துக்கும் அதில் இடம் இல்லை. அந்த நிலையில் ஆடி ஓய்ந்த உடலில் என்ன நடக்கும் என்பதை எந்த அறநெறிக் குழுவும் சோதித்துப் பார்க்க அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

வெயிலுக்கு நாம் அறிந்த பரிகாரம் தண்ணீர். எம்.டி.எம்.ஏ. விஷயத்தில் அந்தப் பரிகாரமே உயிரை எடுக்கலாம். இப்பொருள் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் சுரப்பைத் தூண்டுகிறது. குடித்த தண்ணீர் வெளியேறாமல் உடலில் தேங்கி, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், மூளை வீங்குகிறது. 1995 நவம்பரில் இங்கிலாந்தின் எசெக்ஸில் பதினெட்டாவது பிறந்த நாளைக் கொண்டாடிய ஒரு பெண் ஒரு மாத்திரை உட்கொண்டுவிட்டு, நல்லது என்று கேள்விப்பட்டபடி ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ ஏழு லிட்டர் தண்ணீர் குடித்து இறந்தார். பாசெல் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சுரப்பின் அடையாளக் குறி பெண்களில் உயர்ந்தது, ஆண்களில் உயரவில்லை. இளம்பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்று சிகிச்சை அனுபவம் சொன்னதற்கு அது ஒரு விளக்கம் தந்தது. அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட இளம்பெண்ணுக்கு வலிப்பு வந்தால், உப்பின் அளவைப் பார்க்காமல் வழக்கமான சலைன் ஏற்றிக்கொண்டே போகக் கூடாது என்பது மாவட்ட மருத்துவமனை வரை போய்ச்சேர வேண்டிய செய்தி.

அடுத்தது மற்ற மருந்துகளோடு சேர்க்கை. மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியைத் தடுக்கும் மோக்ளோபெமைடு என்ற மனச்சோர்வு மருந்தோடு இதைச் சேர்த்து உட்கொண்ட நால்வரின் இறப்பைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2003இல் பதிவு செய்தனர். அதே நொதியை மிதமாகத் தடுக்கும் இன்னொரு மருந்து நம்மூரில் பரவலாகப் புழங்குகிறது: மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் லினசோலிட். எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிர் எம்.டி.எம்.ஏ.யின் அளவை ரத்தத்தில் பலமடங்கு ஏற்றிவிடும். அதனால் நேர்ந்த இறப்பும் பதிவாகியிருக்கிறது. தமிழகத்தில் இளைஞர்கள் ‘போதை மாத்திரை’ என்று தவறாகப் பயன்படுத்துவது பெரும்பாலும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைத்தான். அவையும் செரட்டோனினோடு தொடர்புடையவை. ஒன்றோடொன்று கலந்தால் என்னாகும் என்பதை எந்த ஒப்புதல் ஆய்வும் அளந்ததில்லை.

இனி மாத்திரையின் அளவு. ஐரோப்பியக் கண்காணிப்பு அமைப்புகளின் கணக்குப்படி 2010களின் இறுதியில் அங்கே விற்ற மாத்திரைகளில் சராசரி 150 மில்லிகிராமுக்கு மேல் எம்.டி.எம்.ஏ. இருந்தது. மருத்துவ ஆய்வில் ஒரு வேளைக்குத் தொடக்கமாகத் தரும் அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரத்தத்தில் ஏறும் அளவோ அதற்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடுகிறது. பார்சிலோனாவில் ரஃபேல் டி லா டோரே குழுவினர் 2000இல் இதை நிறுவினார்கள். தன்னைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையே இப்பொருள் முடக்கிவிடுகிறது. அது மீண்டு எழப் பத்து நாள் வரை ஆகும். முதல் மாத்திரை ஏறவில்லை என்று இரண்டாவதைப் போடுபவன், பூட்டிய கதவுக்குள் இன்னும் ஒரு சுமையை இறக்குகிறான். சந்தையில் சில நேரம் பி.எம்.ஏ. என்னும் மெதுவாக ஏறும், கொடிய பொருளும் இதே பெயரில் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆய்வறை மாத்திரைக்கும் அஞ்சல் மாத்திரைக்கும் பெயர் தவிர ஒற்றுமை குறைவு என்பது விளங்கும்.

5. நம்பிக்கையின் சான்று

அச்சத்தின் சான்றை அலசிய அதே கண்ணால் நம்பிக்கையின் சான்றையும் பார்க்க வேண்டும். ரிக் டாப்ளின் 1986இல் தொடங்கிய மேப்ஸ் என்ற அமைப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதற்காக உழைத்தது. அதன் மூன்றாம் கட்ட ஆய்வுகள் இரண்டும் 2021லும் 2023லும் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியாயின.

சிகிச்சை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்போம். நோயாளி முதலில் மூன்று ஆயத்த அமர்வுகளுக்கு வருகிறார். மனச்சோர்வு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் அதைப் படிப்படியாக நிறுத்துகிறார். பிறகு ஒரு நாள் காலையில் படுக்கை போட்ட அமைதியான அறைக்குள் போகிறார். இரு சிகிச்சையாளர்கள் அவரோடு எட்டு மணி நேரம் இருக்கிறார்கள். கண்மறைப்பு, இசை, இடையிடையே பேச்சு. ரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் அளக்கப்படுகின்றன. தொடக்கத்தில் 80 மில்லிகிராம், ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து அதில் பாதி. அடுத்தடுத்த அமர்வுகளில் 120. மாதத்துக்கு ஒன்றாக மூன்று அமர்வுகள்; ஒவ்வொன்றுக்கும் பிறகு, கண்டதை வாழ்க்கையோடு இணைத்துப் பேச மூன்று சந்திப்புகள். மொத்தத்தில் ஒருவர் விழுங்குவது மூன்று நாள் மருந்து. பெறுவது பல மாதக் கவனிப்பு.

முதல் ஆய்வில் 90 பேர். மருந்து பெற்றவர்களில் 67 விழுக்காட்டினரும் போலி மருந்து பெற்றவர்களில் 32 விழுக்காட்டினரும் இறுதியில் நோய்க்கான வரையறைக்குள் வரவில்லை. இரண்டாவதில் அது 71, 48. போலி மருந்தோடு வெறும் கவனிப்பைப் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஏறக்குறையப் பாதி வரை தேறியிருப்பதை நான் இந்த ஆய்வுகளின் மிக முக்கியமான முடிவாகக் கருதுகிறேன். இது பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை.

2024 ஜூன் 4 அன்று, இந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்ட விண்ணப்பத்தைப் பரிசீலிக்க அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூடியது. பயன் நிறுவப்பட்டதா என்ற கேள்விக்கு 9 பேர் இல்லை என்றனர், 2 பேர் ஆம் என்றனர். பயன் தீங்கை விஞ்சுகிறதா என்பதற்கு 10 பேர் இல்லை, ஒருவர் ஆம். ஆகஸ்ட் 9 அன்று நிர்வாகம் விண்ணப்பத்தைத் திருப்பி, இன்னொரு மூன்றாம் கட்ட ஆய்வு கேட்டது. இதைப் பழைய அச்சத்தின் வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. காரணங்களைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. முதலாவது, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது மறைந்திருக்கவில்லை: இரண்டாவது ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 94 விழுக்காட்டினரும் போலி பெற்றவர்களில் 75 விழுக்காட்டினரும் சரியாக ஊகித்துவிட்டார்கள். நம்பிக்கையோடு வந்தவர், தனக்கு மருந்து கிடைத்தது என்று தெரிந்தபின் நலம் கூறுவதில் எவ்வளவு மருந்து, எவ்வளவு நம்பிக்கை? இரண்டாவது, களிப்பு, பரவசம் போன்ற விளைவுகளை ‘தீங்கு இல்லை’ என்று பதிவு செய்யாமல் விட்டிருந்தார்கள். ஒரு பொருள் பழக்கத்துக்கு இழுக்குமா என்று கணிக்க வேண்டிய தரவே அதனால் போய்விட்டது. மூன்றாவது, முன்பு இதை உட்கொண்டவர்கள் பங்கேற்பாளர்களில் கணிசமாக இருந்தார்கள்.

நான்காவது மனத்தை வருத்துவது. கனடாவில் நடந்த முந்தைய கட்ட ஆய்வு ஒன்றில் சிகிச்சையாளர் ஒருவர் நோயாளியிடம் அறநெறியை மீறினார். அதை அறிந்திருந்தும் ஆசிரியர்கள் தெரிவிக்காததால் ‘சைக்கோஃபார்மகாலஜி’ இதழ் அதே ஆகஸ்டில் மூன்று கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அச்சம் தணிந்து எவரையும் நம்பத் தயாராகும் நிலையே இப்பொருளின் மருத்துவ வலிமை என்றால், அதே நிலையில் இருக்கும் மனிதரைப் பாதுகாக்கும் பொறுப்பும் அந்த அளவுக்குக் கனக்கிறது. மாத்திரையின் பக்க விளைவுப் பட்டியலில் இது வராது; ஆனால் பாதுகாப்பு பற்றிய எந்தக் கணக்கிலும் இதை முன்வரிசையில் வைக்க வேண்டும் என்பேன்.

6. நம் உடல், நம் மனவடு

மனவடு நமக்குத் தொலைவில் இல்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்கு இரண்டு மாதம் கழித்துத் தமிழகக் கடற்கரை மீனவக் கிராமம் ஒன்றில் சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவன ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது பெரியவர்களில் 12.7 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் ஆண்டுகளின் நடுவே இருந்து பணியாற்றி, தமிழ்ச் சமூகத்தின் மனக் காயங்களை ஆவணப்படுத்தினார். அவருடைய ‘ஸ்கார்டு மைண்ட்ஸ்’ 1998இல் வெளிவந்தது. சிவகங்கை மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே வாழும் முதியவர்களில் எத்தனை பேர் இரவில் தூங்குகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த விவாதம் வெறும் செய்தியாக இருக்காது.

சோமசுந்தரத்தின் எழுத்து ஒரு முக்கியமான திருத்தத்தைத் தருகிறது. மேலைநாட்டு வரையறை மனவடுவைத் தனி மனிதருக்குள் தேடுகிறது. குடும்பமும் ஊரும் சேர்ந்து சிதைந்த இடத்தில் காயம் கூட்டுக் காயம். அதை ஆற்றும் வழியும் குடும்பம், சடங்கு, ஊர் உறவு ஆகியவற்றின் வழியே போக வேண்டும் என்று அவர் வாதிட்டார். மூடிய அறையில் கண்மறைப்போடு எட்டு மணி நேரம் தனியே உள்ளே பயணிப்பது, பிள்ளையின் உடலைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்குப் பொருந்துமா? பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். அமெரிக்க, இஸ்ரேலிய மருத்துவமனைகளில் கிடைத்த விடையை இதற்கு விடையாக எடுத்துக்கொள்ள முடியாது. முதல் ஆய்வில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் வெள்ளையர்.

உடல் தரப்பிலும் இதே இடைவெளி. எம்.டி.எம்.ஏ.யைச் சிதைக்கும் முதன்மை நொதி சி.ஒய்.பி.2டி6. அதன் மரபணு மனிதக் குழுக்களுக்குள் வெகுவாக வேறுபடுகிறது. புதுச்சேரி ஜிப்மரில் மருந்தியல் பேராசிரியர் சி. ஆதித்தன் தலைமையிலான குழு 2000களில் தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாள மக்களிடையே இவ்வகை நொதி மரபணுக்களை ஆராய்ந்தது. இருமல் மருந்தான டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானைக் கொடுத்து, சிறுநீரில் அதன் சிதைவை அளந்து, நொதியின் வேகத்தைக் கணிக்கும் எளிய முறையை இத்தகைய ஆய்வுகள் பயன்படுத்துகின்றன. ஐரோப்பியரிடம் காணப்படும் செயலற்ற வடிவமும், கிழக்காசியரிடம் மிகுந்துள்ள வேகம் குறைந்த வடிவமும் தென்னிந்தியரிடம் இரண்டுமே இருப்பதை அப்பணி காட்டியது. மனச்சோர்வு மருந்து முதல் இதய மருந்து வரை பலவற்றின் அளவைத் தீர்மானிக்க உதவும் இந்த அறிவு, நம் மண்ணிலேயே, அமைதியாக உருவானது. எம்.டி.எம்.ஏ. பற்றி இந்தியாவில் எப்போதாவது பேசுவதானால் அது தொடங்க வேண்டிய இடம் ஜிப்மரின் அந்தத் தாள்கள்தான் என்பது என் கருத்து.

ஆள்பலம் இன்னொரு தடை. நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஒரு நோயாளிக்கு இரு சிகிச்சையாளர்கள், மூன்று முழு நாள்கள், பன்னிரண்டு கூடுதல் சந்திப்புகள் என்ற ஏற்பாட்டை ஒரு மாவட்ட மனநலத் திட்டம் தாங்காது. தாங்காதபோது என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம்: ஏற்பாடு சுருங்கும், மாத்திரை மட்டும் நிற்கும்.

7. செய்யக்கூடியவை

கெட்டமின் இதற்கு ஒரு முன்மாதிரி காட்டுகிறது. அதுவும் தவறாகப் பயன்படும் பொருளே. 2011இல் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. ஆனாலும் சிறு ஊர் மருத்துவமனைகளிலும் மயக்க மருந்தாகக் கணக்கு எழுதிப் பயன்படுத்துகிறார்கள். கட்டுப்பாடும் மருத்துவப் பயனும் ஒரே அலமாரியில் இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

காரைக்குடி தன் பங்குக்குச் செய்யக்கூடியதும் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே இருக்கிறது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் கரோலியன் டி வேல் குழுவினர் எம்.டி.எம்.ஏ. உள்ளிட்ட பொருள்களை மின்வேதியியல் உணரிகளால் களத்திலேயே அடையாளம் காணும் முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். இன்று காவலர்கள் பயன்படுத்தும் நிறமாற்றச் சோதனை, துளி விட்டதும் கறுத்தால் எம்.டி.எம்.ஏ. வகை, ஆரஞ்சுப் பழுப்பானால் மெத்தம்பெட்டமின் வகை என்ற மட்டில் சந்தேகத்தைத்தான் தரும்; அளவைத் தராது, கலப்படத்தைப் பிரிக்காது. ரிக்கார்ட்டே ஆய்வகத்தில் பெயர்ச்சீட்டு மாறியதையே ஓராண்டு கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்றால், நள்ளிரவில் அவசரப் பிரிவில் நிற்கும் மருத்துவர் எதை வைத்து முடிவெடுப்பார்? மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் சட்டைப்பையில் கிடைத்த மாத்திரை என்ன என்பதைச் சில நிமிடங்களில் சொல்லும் கருவி, காவல் நிலையத்தைவிட மருத்துவமனைக்கே முதலில் தேவை. மின்வேதியியல் தெரிந்த ஊர் அதைச் செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை.

சிகிச்சை ஆய்வைப் பொறுத்தவரை, போலி மருந்து பெற்றவர்களில் பலரைத் தேற்றிய பகுதி எதுவோ அதை இப்போதே தொடங்கலாம். அதற்கு எந்த உரிமமும் வேண்டாம். பயிற்சி பெற்ற இருவர், அமைதியான ஓர் அறை, அவசரப்படாத பல மணி நேரம். முகாம்களிலும் கடற்கரைக் கிராமங்களிலும் அதன் பயனை முறையாக அளந்து, கூடவே அந்த மக்களின் ரத்த அழுத்தம், நொதி வேகம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றையும் பதிவு செய்து வைத்த பிறகே, அதன்மேல் ஒரு மருந்து கூடுதலாக என்ன தரும் என்று கேட்க முடியும். அந்தக் கேள்வியைக் கேட்கும் நாளில், ஆய்வில் சேர்பவருக்குத் தெரிந்த, அவர் நம்பும் ஒருவர் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை நெறிமுறையின் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.